தில்லியைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க: வாசகர் கேள்வி – பதில்

தில்லி போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: பெரிய ஊர், பாஷை தெரியாது, செலவு கையைக் கடிக்குமோ? பயணப் பகுதி ஆசிரியர் குழுவின் பதில்கள் இங்கே.

கே: கணவன், மனைவி, 10 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான்கு நாள் தில்லியில் இருப்போம். பேக்கேஜ் கார் எடுப்பதா, நாங்களே சுற்றுவதா?
– வாசகர், திண்டுக்கல்

நீங்களே சுற்றுங்கள். தில்லியில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இந்தியர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய். இணையத்திலோ வாசலில் இருக்கும் கியூஆர் குறியீட்டிலோ கட்டினால் 35. சஃப்தர்ஜங் கல்லறை, புராணா கிலா போன்றவற்றுக்கு 25, இணையத்தில் 20. செங்கோட்டைக்குக் கொஞ்சம் கூடுதல். தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. உங்கள் பிள்ளைகள் இருவரும் சும்மா போகலாம், ஆதாரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை தவிர மேலே சொன்ன நான்கு இடங்களுக்கும் சேர்த்து, இணையத்தில் கட்டினால், உங்கள் குடும்பத்துக்கு ஆகும் மொத்த நுழைவுச் செலவு 220 ரூபாய்தான்.

லோதி தோட்டம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் கோயில் வளாகம், தேசியப் போர் நினைவகம், காந்தி ஸ்மிருதி, அக்ரசேன் படிக்கிணறு, பங்களா சாஹிப் குருத்வாரா எல்லாமே இலவசம். அக்ஷர்தாமில் கண்காட்சிக்கும் இரவு நீர்க்காட்சிக்கும் மட்டும் சீட்டு உண்டு.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? மெட்ரோ நிலையத்துக்கும் பார்க்கும் இடத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரில் போகிறது. ரயிலை விட்டு இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் போகிறது. தூரத்தில் மலிவாகக் கிடைத்த அறையில் போகிறது. இந்த மூன்றையும் கவனித்தால் போதும். பேக்கேஜ் காரில் இன்னொரு தொல்லை: பாதி நாள் ‘எம்போரியம்’ என்ற பெயரில் கமிஷன் கடைகளுக்குள் கழிந்துவிடும்.

கே: மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியில் போகிறோம். இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்கிறார்களே?
– வாசகி, விருதுநகர்

முதலில் எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க்கும் புதுதில்லி நிலையத்துக்குப் போகின்றன. மதுரை சம்பர்க் கிராந்தி, கன்னியாகுமரி திருக்குறள் எக்ஸ்பிரஸ், சென்னை ராஜதானி, துரந்தோ, கரீப் ரத் எல்லாம் ஹஸ்ரத் நிஜாமுதீனில் நின்றுவிடும். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர்.

நிஜாமுதீனில் சராய் காலே கான் பக்கமாக வெளியேறுங்கள். பிங்க் பாதையின் சராய் காலே கான் – நிஜாமுதீன் மெட்ரோ நிலையம் அந்தப் பக்கம்தான். எதிர்ப்பக்கம் வெளியே வந்துவிட்டால் மெட்ரோ கண்ணில் படாது, ஆட்டோதான் படும். பிங்க் பாதையில் லாஜ்பத் நகர் போய் வயலட் பாதைக்கு மாறலாம்; ஐஎன்ஏ போய் மஞ்சள் பாதைக்கு மாறலாம்.

புதுதில்லி நிலையத்துக்கு இரண்டு முகங்கள். 1-ஆம் பிளாட்பாரம் பக்கம் பஹாட்கஞ்ச், 16-ஆம் பிளாட்பாரம் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ நிலையம் அஜ்மேரி கேட் பக்கம். பஹாட்கஞ்சில் அறை எடுத்திருந்தால் மட்டும் 1-ஆம் பிளாட்பாரப் பக்கம் வெளியே வாருங்கள்.

வெளியே நிற்பவர்கள் சொல்லும் கதைகள் எப்போதும் ஒரே மாதிரிதான்: “அந்த ஹோட்டல் மூடிவிட்டது”, “அந்த ரோட்டில் போராட்டம்”, “அரசு டூரிஸ்ட் ஆபீஸ் இந்தப் பக்கம்.” மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். விடுதிக்கு ரயிலிலிருந்தே ஒரு முறை போன் செய்து பேசிவிட்டால் “மூடிவிட்டது” என்ற பேச்சு எடுபடாது.

மெட்ரோவில் பெட்டியோடு போகலாம். தலைக்கு ஒரு பெட்டி, 25 கிலோவுக்குள். எல்லாப் பைகளையும் எக்ஸ்ரே எந்திரத்தில் வைக்க வேண்டும். காலை எட்டரை முதல் பத்தரை வரை ராஜீவ் சௌக்கில் பெட்டியோடு மாறுவது பெரிய பாடு. அந்த நேரத்தில் இறங்கினால் நிலையத்திலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

விமானத்தில் வருபவர்களுக்கு: மூன்றாம் முனையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் சுமார் 20 நிமிடத்தில் புதுதில்லி நிலையம் சேர்க்கும், 70 ரூபாய்க்குள் ஆகும். முதல் முனையத்தில் இறங்கினால் அது மஜெந்தா பாதை. இரண்டும் வேறு வேறு நிலையங்கள். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மெட்ரோவில் டூரிஸ்ட் கார்டு வாங்கினால் லாபமா?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலானவர்களுக்கு லாபமில்லை. கணக்கைப் பாருங்கள். இந்தக் கார்டில் எத்தனை முறையும் ஏறலாம். ஒரு நாள் டூரிஸ்ட் கார்டு 200 ரூபாய், மூன்று நாள் கார்டு 500. இரண்டிலும் 50 ரூபாய் திரும்பக் கிடைக்கும் முன்பணம். ஆக, நாளொன்றுக்கு 150 ரூபாய். மூன்று நாள் கார்டிலும் அதே 150தான், சலுகை ஒன்றுமில்லை.

2025 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள கட்டணம்: 2 கிலோமீட்டர் வரை 11 ரூபாய், 5 வரை 21, 12 வரை 32, 21 வரை 43, 32 வரை 54, அதற்கு மேல் 64. ஞாயிற்றுக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களுக்கு இதில் ஒரு படி குறையும். சுற்றிப் பார்ப்பவர் ஒரு நாளில் பொதுவாக நான்கு முறை ஏறுவார். அதில் இரண்டு 32, இரண்டு 21 என்றால் 106 ரூபாய். 150-ஐத் தொட ஐந்தாறு முறை ஏற வேண்டும், அதுவும் நீண்ட தூரம்.

சாதாரண ஸ்மார்ட் கார்டு போதும். ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. காலை 8 மணிக்கு முன், நண்பகல் 12 முதல் 5 வரை, இரவு 9-க்குப் பின் பயணம் செய்தால் இன்னும் 10 சதவீதம். ஊருக்குக் கிளம்பும்போது கவுண்டரில் கார்டைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறைதான் ஏறப் போகிறீர்கள் என்றால் கார்டே வேண்டாம், மெட்ரோ செயலியில் கியூஆர் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பங்கள் தவறவிடும் விஷயங்கள் இரண்டு. ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். நான்கு பேருக்கு ஒரே கார்டைத் தேய்க்க முயன்றால் கதவு திறக்காது. அரை டிக்கெட் என்பதும் கிடையாது. மூன்றடி உயரத்தைத் தாண்டிய பிள்ளைக்கு முழுக் கட்டணம்.

கே: அப்படியானால் நான்கு பேருக்கு ஆட்டோவே மேல் இல்லையா? மீட்டர் போடுவார்களா?
– வாசகர், ஈரோடு

குறுகிய தூரத்துக்கு ஆட்டோ மேல்தான். தில்லி ஆட்டோவுக்கு 2023-ல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. இரவு 11 முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். 3 கிலோமீட்டருக்கு 47 ரூபாய் ஆகும். மூன்று பேர் மெட்ரோவில் அதே தூரம் போனால் 63. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரை மூன்று பேருக்கு ஆட்டோ பெரும்பாலும் மலிவு. அதைத் தாண்டினால் மெட்ரோ. ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால் நால்வர் குடும்பம் செயலியில் கார் பிடிப்பதா, மெட்ரோவா என்று அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுலா இடங்களின் வாசலில் நிற்கும் ஆட்டோ மீட்டர் போடுவது அபூர்வம். “மீட்டர் ஸே சலியே” (மீட்டர்படி போகலாம்) என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மேலே சொன்ன கணக்கை மனத்தில் போட்டு, அதற்கு மேல் பத்து இருபது ரூபாய்வரை பேசலாம். வாசலிலிருந்து நூறடி தள்ளிப் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோவை நிறுத்தினால் விலை குறையும்; வாசலில் நிற்பவர் நீண்ட நேரம் காத்திருந்து ஒரு பெரிய சவாரியை எதிர்பார்க்கிறவர். ஓலா, ஊபர், ரேபிடோ செயலிகளில் விலையைப் பார்த்துவிட்டுப் பேசினால் ஏமாற வாய்ப்பில்லை.

மெட்ரோ வாசலில் நிற்கும் இ-ரிக்‌ஷாக்களை மறக்காதீர்கள். பங்கு சவாரியில் தலைக்குப் பத்து, இருபது ரூபாய்தான். ஏறும்போதே “ஷேரிங்” என்று சொல்லிவிடுங்கள். பேசாமல் ஏறி உட்கார்ந்தால் முழு வண்டியையும் எடுத்ததாக இறங்கும்போது 150 கேட்பார்கள்.

அரசு பஸ்ஸும் உண்டு. ஏசி இல்லாததில் 5 முதல் 15 ரூபாய், ஏசியில் 10 முதல் 25. நாள் முழுக்க எத்தனை முறையும் ஏற ஏசி அல்லாத பாஸ் 40, ஏசி பாஸ் 50. பஸ் எப்போது வரும் என்பதுதான் சிக்கல். வரும் நேரத்துக்கு வரட்டும் என்று நிதானமாக இருப்பவர்களுக்கு ஏற்றது. பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு வெளியூர்ப் பெண்கள் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கே: எந்த நாளில் எதைப் பார்ப்பது? ஞாயிறு இரவு போய்ச் சேர்கிறோம், வியாழன் இரவு கிளம்புகிறோம்.
– வாசகி, நாகர்கோவில்

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். தில்லியில் திங்கள்கிழமைதான் பெரிய பொறி. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம் எல்லாம் திங்கள் விடுமுறை. சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் கடைத்தெருக்களுக்கும் திங்கள்தான் விடுமுறை. சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறு.

ஆகவே திங்களன்று தெற்குப் பக்கம் போங்கள். குதுப் மினாரும் லோதி தோட்டமும் எல்லா நாளும் திறந்திருக்கும். காலை ஏழரைக்குள் மஞ்சள் பாதையில் குதுப் மினார் நிலையம். அங்கிருந்து சின்னத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர், இ-ரிக்‌ஷா கிடைக்கும். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் ஏற 1981 விபத்துக்குப் பின் அனுமதி இல்லை. வளாகத்தைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும். திரும்பி ஜோர் பாக் நிலையத்தில் இறங்கினால் சஃப்தர்ஜங் கல்லறை பக்கத்திலேயே. அங்கிருந்து லோதி தோட்டம் நடை தூரம். மதிய வெயிலை மர நிழலில் கழித்துவிட்டு மாலையில் ஐஎன்ஏ நிலையத்தருகே தில்லி ஹாட் கைவினைச் சந்தைக்குப் போகலாம். அது திங்களும் திறந்திருக்கும்.

செவ்வாய் பழைய தில்லி. வயலட் பாதையில் லால் கிலா நிலையம், வெளியே வந்தால் செங்கோட்டை. காலையிலேயே உள்ளே போய்விடுங்கள், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் பத்தரைக்கு மேல்தான் சேரும். பிறகு ஜாமா மசூதி (தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்ப்பவர்களை விட மாட்டார்கள்), சாந்தினி சௌக், சீஸ் கஞ்ச் குருத்வாரா, தெருக்கோடியில் ஃபதேபுரி மசூதிக்கு அடுத்து காரி பாவ்லி மசாலாச் சந்தை. காலை 9 முதல் இரவு 9 வரை சாந்தினி சௌக் முதன்மைத் தெருவில் கார், ஆட்டோ போகாது. நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் ரிக்‌ஷா. திரும்ப சாந்தினி சௌக் மெட்ரோ.

புதன்: தேசிய அருங்காட்சியகம். இந்தியர்களுக்கு 20 ரூபாய். மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலை இங்கேதான் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குத் தனியாக அரை மணியாவது ஒதுக்குங்கள்; கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருக்கும் வார்ப்பு நுணுக்கத்தை இங்கே கிட்ட நின்று பார்க்கலாம். தில்லிக்குப் போகும் தமிழர்கள் பலர் இதைத் தவறவிட்டு வருவது வருத்தமாக இருக்கிறது. மாலையில் கர்த்தவ்ய பாதை வழியே இந்தியா கேட், போர் நினைவகம். இரவு பங்களா சாஹிப்.

வியாழன்: காலையில் தாமரைக் கோயில் (கால்காஜி மந்திர் நிலையம்), பிறகு ஹுமாயூன் கல்லறை, சாயங்காலம் எதிரே நிஜாமுதீன் தர்கா. வியாழன் மாலை அங்கே கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்கள் பாடுவார்கள், கட்டணமில்லை. ரயில் நிஜாமுதீனிலிருந்து என்றால் நிலையமும் பக்கம். அக்ஷர்தாமை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. போன், கேமரா, பை எல்லாவற்றையும் வைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போய் வர அரை நாள் ஆகிவிடும். அதுதான் முக்கியம் என்றால் வியாழனில் தாமரைக் கோயிலை விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். ஜனவரி 26-க்கு முந்தைய வாரம் ஒத்திகைக்காக இந்தியா கேட் பக்கம் சாலைகளை அடைப்பார்கள். சிக்கனப் பயணிக்கு இந்த இரண்டு வாரங்களும் ஆகாது.

கே: இணையத்தில் 700, 800 ரூபாய்க்கு மஹிபால்பூரில் அறை காட்டுகிறது. எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

விடியற்காலை விமானம் பிடிக்க ஒரு இரவு என்றால் எடுக்கலாம். ஊர் சுற்றுவதற்கு அந்த அறை வேண்டாம். அது விமான நிலையத்தை ஒட்டிய இடம். நகர நடுவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், மெட்ரோவும் வாசலில் இல்லை. அறையில் மிச்சம் பிடித்ததை தினமும் காருக்குக் கொடுப்பீர்கள்.

பஹாட்கஞ்ச், கரோல் பாக் இரண்டும் வசதி. பஹாட்கஞ்ச் மெயின் பஜாரின் மேற்குக் கோடியில் நீலப் பாதையின் ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் நிலையம், கிழக்குக் கோடியில் ரயில் நிலையம். சந்துக்குள் இருக்கும் அறைகளில் ஜன்னல் இருக்காது. பதிவு செய்யும் முன் ஜன்னல் உண்டா என்று கேளுங்கள். கோடையில் ஏசி, குளிர்காலத்தில் வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்றும் கேளுங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கரோல் பாக்கைச் சொல்வோம். தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு.

உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் நிலையத்து ஓய்வறையை ஐஆர்சிடிசியில் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கே: சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஒதுக்குவது? சைவம்.
– வாசகர், கும்பகோணம்

சீக்கியர்களின் குருத்வாராக்களில் லங்கர் என்னும் இலவசப் பந்தி எல்லோருக்கும் பொது. ரொட்டி, பருப்பு, ஒரு கறி, சில நாள் பாயசம். தலையைத் துணியால் மூடி, செருப்பை வைப்பிடத்தில் கொடுத்து, கால் நனைத்து உள்ளே போக வேண்டும். தரையில் வரிசையாக உட்கார்வார்கள். ரொட்டியை இரு கைகளையும் நீட்டி வாங்குங்கள். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். நேரம் இருந்தால் ரொட்டி தேய்க்கும் இடத்திலோ பாத்திரம் கழுவும் இடத்திலோ உட்கார்ந்து உதவலாம், யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். இதைத் தினசரிச் செலவை மிச்சப்படுத்தும் வழியாக நினைத்து மூன்று வேளையும் போகாதீர்கள். அது ஒரு சமூகத்தின் வழிபாடு.

மதியத்துக்கு மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்களான பவன்களின் கேன்டீன்கள். அசோகா சாலையில் ஆந்திர பவன் அளவில்லாச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. ஒரு மணிக்குப் போனால் வரிசை நீளும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். காலையில் சோலே பட்டூரே, பேட்மி பூரி என்று தெருக்கடைகளில் வயிறு நிறையும். பட்டூரா சாப்பிட்டால் மதியம் இரண்டு மணி வரை பசிக்காது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பெரிய புட்டியாக வாங்கி அறையிலிருந்து நிரப்பிக்கொண்டு போனால் நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கு நூறு ரூபாயாவது மிஞ்சும்.

கே: ஆக்ராவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை திரும்ப தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பதிவு செய்யப் போகிறோம்.
– வாசகர், வேலூர்

தில்லி – ஆக்ரா – தில்லி என்று போய் வராதீர்கள். உங்கள் வண்டி ஆக்ரா கண்டோன்மென்டில் நின்றுதான் போகிறது. புதுதில்லியில் இரவு 9 மணியளவில் கிளம்பி, 11-க்கு மேல் ஆக்ரா. கடைசி நாள் அதிகாலை ஏதாவதொரு சாதாரண எக்ஸ்பிரஸில் ஆக்ரா போய், பெட்டிகளை நிலையத்துப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு, தாஜ்மகால், ஆக்ரா கோட்டை பார்த்துவிட்டு, இரவு அங்கேயே ஏறிவிடலாம். வைப்பறையில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள்.

டிக்கெட்டைப் புதுதில்லி முதல் சென்னை என்றே எடுத்து, ஏறுமிடத்தை ஆக்ரா என்று மாற்றுங்கள். ஆக்ராவிலிருந்து நேராகக் கேட்டால் ஒதுக்கீடு குறைவு. இடம் கிடைப்பது கடினம். ஏறுமிடத்தை மாற்றிய பிறகு புதுதில்லியில் ஏற உரிமை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. இந்தியருக்கு 50 ரூபாய், கல்லறை மாடம் வரை ஏற மேலும் 200. இங்கேயும் 15 வயதுக்குக் கீழே கட்டணமில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் உள்ளே அனுமதி இல்லை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வட இந்திய ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அந்த மாதங்களில் இந்தத் திட்டம் வேண்டாம்.

கே: 70 வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். முழங்கால் வலி உண்டு. எந்த மாதம், எந்த இடங்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. நவம்பரில் புகை மூட்டம், ஜனவரியில் நடுக்கும் குளிர், மே, ஜூனில் 45 டிகிரியை எட்டும் வெயில். பிப்ரவரி, மார்ச்சில் ராஷ்டிரபதி பவனின் அம்ரித் உத்யான் பூந்தோட்டமும் மக்களுக்குத் திறந்திருக்கும். இலவசம், இணையத்தில் முன்பதிவு, திங்கள் விடுமுறை.

மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. குதுப் மினார் வளாகம் பெரும்பாலும் சமதளம், லோதி தோட்டமும் அப்படியே. ஹுமாயூன் கல்லறை மேடைக்குச் செங்குத்தான படிகள். அம்மா கீழே தோட்டத்திலிருந்து பார்க்கட்டும், அங்கிருந்தும் அழகுதான். ஜாமா மசூதிக்கும் படிகள் அதிகம். ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போக நினைத்தால் அதுவும் குன்றின் மேல் இருப்பது. மஜெந்தா பாதையில் வசந்த் விஹார் நிலையத்தில் இறங்கி, சந்நிதி வரை படி ஏற முடியுமா என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவதாக ஓர் இடத்துக்குக் கொடுக்கும் ஆட்டோக் காசில் அம்மாவுக்கு மதியம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுக்க முடியும்.